உறைபனிச் சான்று

தாணப்பன் மூன்று வருடங்களில் பத்தொன்பது ஆட்டங்களில் வென்றிருந்தான். ஒன்றில்கூட ஆடியதில்லை.

அவன் வடசேரி சந்தையில் சுமடு இறக்குகிறவன். சேனைக்கிழங்கு மூட்டை, வாழைத்தார், தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணி. லாரியிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தரைக்கு. இருபது வருடங்களில் ஒரு சுமட்டையும் தவறவிட்டதில்லை. ஒருநாள் காலை கத்தரிக்காய் வாங்க வந்த எட்சன் அவன் தோளைப் பார்த்தார். கத்தரிக்காயை மறந்தார்.

எட்சன் இங்கிலாந்தில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். நாஞ்சில் வட்டார அமெச்சூர் ரக்பி யூனியன் லீக்கின் நிறுவனச் செயலாளர். லீக் தொடங்கி அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஒனக்க பேரென்ன?"

"தாணப்பன்."

"தாணப்பா, நீ முன்வரிசைக்காரனாக்கும்."

தாணப்பனுக்கு விளங்கவில்லை. சந்தையில் எதற்கும் வரிசை கிடையாது.

டீக்கடையில் வைத்து எட்சன் விளக்கினார். பக்கத்துக்குப் பதினைந்து பேர். நீள்வட்டப் பந்து. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். எறிவதென்றால் பின்பக்கம்தான் எறியலாம். ஆட்டம் தடைபட்டால் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரே இருப்பவர்களைத் தள்ள வேண்டும். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசையில் மூன்று பேர். பின்னால் இருப்பவர்களின் பலமெல்லாம் அந்த மூன்று பேரின் தோள் வழியாகத்தான் போகும்.

"எதிர்க்க நிக்கவனும் தள்ளுவானா?"

"அவனும் தள்ளுவான்."

தாணப்பன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். இருபது வருடமாகத் தள்ளுகிறான். கைவண்டி, லாரி, ஒருமுறை மழையில் நின்றுபோன பஸ். எதுவும் திருப்பித் தள்ளியதில்லை.

"எத்தன நேரம் சாரே?"

"எண்பது நிமிஷம்."

அன்றே பெயர் கொடுத்தான். வடசேரி சந்தை ரக்பி கழகம், முன்வரிசை, பதிவு எண் ஒன்று.

லீக்கில் ஆறு கழகங்கள் இருந்தன. ஒரு பந்து இருந்தது. அது எட்சன் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆட்டத்தன்று எழுத்துமூலம் கேட்டால் வெளியே எடுக்கப்படும். பயிற்சிக்குத் தருவதில்லை. தேய்ந்துவிடும். சந்தைக் கழகத்துக்காரர்கள் தடியங்காயை வைத்துப் பழகினார்கள். ஒரு காய் நான்கு கிலோ. யார் கையிலிருந்து விழுந்து உடைகிறதோ அது அவர் வீட்டுக்குக் கறிக்குப் போகும்.

பிறகு விதிப்புத்தகம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு வட்டார லீக்குக்காக எழுதப்பட்டது. எட்சன் ஒரு வரியும் விடாமல் தமிழாக்கியிருந்தார். முதல் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, நம்ம ஊருக்குத் தேவையில்லாததை எடுத்துவிடலாமே என்றார்.

"எது தேவையில்லன்னு ஆரு முடிவு செய்யது?" என்று எட்சன் கேட்டார். "அதுக்கொரு துணைக்குழு வேணும். துணைக்குழு எப்படி அமைக்கணும்னு புத்தகத்திலதான் இருக்கு. புத்தகத்த ஏத்துக்கிட்டாத்தான் பாக்க முடியும்."

ஏற்றுக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் விதிப்படி, ஆட்டம் முடிந்ததும் வெளியூர் அணி குளிப்பதற்கு வெந்நீர் இருக்க வேண்டும். முதல் ஆட்டம் பூதப்பாண்டியில், ஏப்ரல் மாதத்தில். மூன்று அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. வெந்நீர் ஆய்வாளர் சூடு போதுமா என்று விரலை விட்டுப் பார்த்தார். மைதான எல்லைக்குள் எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது பதினேழாம் விதி. தொடங்கவில்லை. லீக்கின் வரலாற்றில் பதிவான ஒரே காயம் அது.

இருபத்திரண்டாம் விதிப்படி, உள்ளூர் அணி வெளியூர் அணிக்குச் சாப்பாடு போட வேண்டும். இங்கிலாந்தில் அது உருளைக்கிழங்கும் ஒரு துண்டு இறைச்சியும்தான் என்று எட்சனே சொன்னார். ஆனால் நாஞ்சில் நாட்டில் சாப்பாடு போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கை வைக்க முடியாது. இலை போட்டார்கள். பாயசம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஓர் அணி பாதியில் எழுந்து போனது. இன்னோர் இடத்தில் பந்தி முதலில் நடந்தது. பிறகு யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு ட்ரை என்று பெயர். நான்கு ட்ரை போட்ட அணிக்கு ஒரு போனஸ் புள்ளி என்று விதியில் இருந்தது. யாரும் ட்ரை போடாததால் போனஸ் புள்ளிகள் தேங்கின. நான்கு தொடுகறி வைத்த அணிக்கு அவற்றைக் கொடுப்பதென்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

விரைவில் கழகங்கள் ஒன்றைக் கண்டுகொண்டன. ஆட்டத்துக்கு வராத அணிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே வரும். வந்த அணிக்கு வெற்றியும் ஐந்து புள்ளியும். சாப்பாடு போடுவதைவிடக் கடிதம் வாங்குவது எளிது. யாரும் எங்கும் போகவில்லை. சந்தைக் கழகம் மட்டும் போனது. தாணப்பனும் பதினான்கு பேரும் காலணிகளைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். அங்கே உள்ளூர் அணியே இருக்காது. பத்து நிமிடம் நிற்பார்கள். தாணப்பன் வெற்றிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவான். திரும்பி வருவார்கள்.

ஒருமுறை, போன நவம்பரில், இரண்டு அணியும் முழுதாக வந்துவிட்டன. அன்று உறைபனி அலுவலர் வரவில்லை.

முப்பத்தொன்றாம் விதி இது. ஆட்டத்தன்று மைதானத்தில் உறைபனி இல்லை என்று சுயேச்சையான அலுவலர் ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டும். அலுவலருக்குப் பனியைப் பற்றி நேரடி அனுபவம் இருக்க வேண்டும். மாவட்டம் முழுக்கத் தேடினார்கள். குளச்சலில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்த முருகதாஸ் கிடைத்தார். முருகதாஸ் மனசாட்சி உள்ளவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்து, மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, குனிந்து தொட்டுப் பார்த்து, 'உறைபனி இல்லை. வெயில் உண்டு' என்று எழுதிக் கொடுப்பார். அந்த நவம்பரில் மட்டும் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"சாரே, நீங்களே பாத்துச் சொல்லப்பிடாதா?" என்று தாணப்பன் கேட்டான்.

எட்சன் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பனி இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது சான்று ஆவாது."

முப்பது பேரும் கலைந்து போனார்கள். தாணப்பன் அந்த ஆட்டத்திலும் வென்றதாகப் பட்டியலில் வந்தது. எதிரணி முதலில் பஸ் ஏறிவிட்டது.

நாற்பத்தெட்டாம் விதி வயதைப் பற்றியது. நாற்பது நிறைந்தவர் முன்வரிசையில் நிற்கக் கூடாது.

மே மாதம் இரண்டாம் திங்கட்கிழமை தாணப்பனுக்கு நாற்பது நிறைகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். மார்த்தாண்டம் அணியோடு, ஆரல்வாய்மொழிப் பக்கம், வற்றிக்கிடந்த ஒரு குளத்தில்.

அவன் எட்சனைப் பார்க்கப் போனான்.

"ஒரே ஒரு சீசன் கூட்டித் தாங்க சாரே."

"பத்தொன்பது ஜெயிச்சாச்சு. பின்னயும் ஆசையா?"

"ஆடல்லியே."

எட்சன் புள்ளிப்பட்டியலை அவன் முன்னால் திருப்பி வைத்தார். "இதில ஆடல்லன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

வீட்டில் அழகியநாயகி அவனுடைய ரக்பிச் சட்டையை வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள். சீசன் முடிகிறபோது சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்பே துவைத்துவிடுவது அவள் வழக்கம்.

"அழுக்கே இல்லாத சட்டய எத்தன வருசம் துவைக்கது? வாளித் தண்ணி அப்படியே கெடக்கு. குடிக்கலாம்."

"இந்தத் தடவ அழுக்காக்கிக் கொண்டுவாறேன்."

"மூணு வருசமா இதத்தானே சொல்லுகீங்க."

அந்த வாரம் தாணப்பன் எதையும் யாரிடமும் விடவில்லை. முதலில் மார்த்தாண்டம் போனான். எதிரணித் தலைவன் ஷாஜன் ரப்பர் பால் வெட்டுகிறவன். தாணப்பனைப்போலவே முன்வரிசை. மூன்று வருடமாகப் பட்டியலில் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள்.

"நீராக்கும் தாணப்பன்?" என்றான் ஷாஜன். "ஆறு தடவ என்னத் தோக்கடிச்ச ஆளு."

"வாரும் மக்கா. இந்தச் சனிக்கிழமை வந்து நில்லும். எனக்குக் கடைசி ஆட்டமாக்கும்."

"வரலாம். வந்தா எட்சன் சாரு அத இதச் சொல்லித் திருப்பி அனுப்புவாரு. மொத வருசம் எங்க ஆளுக்கு மீச நீளம்னு சொன்னாரு."

"அது நான் பாத்துக்கிடுகேன்."

ஷாஜன் யோசித்தான். "பாயசம் எத்தன?"

"ரெண்டு."

"பிரதமன் உண்டா?"

"உண்டு. அடைப்பிரதமன்."

"பதினஞ்சு பேரும் வருவோம்."

சந்தையில் காய்கறி சொல்லிவைத்தான். அண்டா வாடகைக்கு எடுத்தான். வெந்நீர் ஆய்வாளருக்கு ஒரு நீளமான அகப்பை வாங்கிக் கொடுத்தான். பந்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து ரசீது வாங்கினான். சனிக்கிழமை விடியற்காலை பைக்கை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போய் முருகதாஸின் வீட்டு வாசலில் நின்றான்.

"நானே வருவனே வேய்," என்றார் முருகதாஸ்.

"வேண்டாம். ஏறும்."

கிளம்பும் நேரத்தில் எட்சன் போனில் கூப்பிட்டார். சீசன் நிறைவு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் நன்னாரி சர்பத் குடிப்பவர். வரும்போது அரைப் பாளம் ஐஸ் கொண்டுவந்தால் உபகாரம். ஐஸை உமி போட்டுச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முருகதாஸ் பின்னால் உட்கார்ந்தார். ஆரல்வாய்மொழி வந்து சேர்வதற்குள் தாணப்பனின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. குளிராக இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான்.

குளத்துக்குள் மைதானத்தின் இரண்டு முனையிலும் கோலுக்கு மூங்கில் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அவற்றில் லீக்கின் தலைவர் வைகுண்டராஜனின் கல்யாண மண்டபத்துக்கான விளம்பரத் துணி கட்டியிருந்தது. கரையில் காற்றாலைகள் சுற்றின. ஷாஜனும் பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். தாணப்பன் இரண்டு முறை எண்ணினான். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. பிரதமன் வாசனை வந்தது. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலை போட்டுப் பந்து இருந்தது. நடுவர் ஊதலோடு நின்றார். தாணப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. மைதானத்து மண்ணில் காலணியின் அடியிலுள்ள குமிழ் இறங்க வேண்டும் என்று எட்டாம் விதி சொன்னது. குளத்து மண் பாளம் பாளமாக வெடித்துக்கிடந்ததால் எட்சன் இரண்டு லாரித் தண்ணீர் வரவழைத்திருந்தார். அத்தனையையும் மேடைக்கு முன்னால் ஊற்றியிருந்தார்கள். விருந்தினர் தொடங்கி வைப்பது அங்கேதான்.

தாணப்பன் சட்டையை மாட்டினான். காலணியைப் போட்டான். மூன்று வருடம் கழுத்தில் தொங்கியதைக் காலில் போடுவது அதுதான் முதல் தடவை.

"ஐஸு எங்க? விருந்தினர் வந்தாச்சு," என்று எட்சன் மேடையிலிருந்து கத்தினார்.

சுற்றிப் போனால் கரைந்துவிடும். தாணப்பன் பாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்தான். நனைந்த இடத்துக்கு வந்ததும் குமிழ் இறங்கியது. எட்டாம் விதிப்படி சரியாக இறங்கியது. திரும்ப வரவில்லை. அவன் மட்டும் முன்னால் போய் முழங்காலில் விழுந்தான்.

ஐஸ் நாலாபக்கமும் சிதறியது. இருபது வருடத்தில் அவன் தவறவிட்ட முதல் சுமடு.

முருகதாஸ் அப்போது மைதானத்தின் மறுகோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். குனிந்து தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"முருகதாஸே," என்றான் தாணப்பன். "இது நீரு கொண்டுவந்த ஐஸு."

"எனக்குத் தெரியாதா?"

"பின்ன என்னத்த எழுதுகீரு?"

"பாரத்தில எங்கருந்து வந்துன்னு கேக்கல்ல. கெடக்கா கெடக்கல்லியான்னுதான் கேட்டிருக்கு." முருகதாஸின் கண் கலங்கியிருந்தது. "பதினாறு வருசம் ஐஸு உடைச்சவன். ஐஸப் பாத்துட்டு ஐஸு இல்லன்னு எப்பிடி எழுதட்டும்?"

"அஞ்சு நிமிசத்தில கரைஞ்சிரும் வேய்! பாரும், கரையுது பாரும்!"

கரைந்துகொண்டுதான் இருந்தது. தாணப்பன் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். ஷாஜனும் ஓடிவந்து பொறுக்கினான். மார்த்தாண்டம் அணியில் ஒருவன் காலால் மிதித்தான். எட்சன் புத்தகத்தோடு வருவதற்குள் ஒன்றும் மிச்சமில்லை.

"கண்டபிறகு அகற்றக் கூடாது," என்று எட்சன் வாசித்தார். "கண்டது கண்டதுதான். மறு ஆய்வு ஏழு நாள் கழிச்சு. ஆட்டம் அடுத்த சனிக்கிழமை."

"அடுத்த சனிக்கிழமை எனக்கு நாப்பது தாண்டிரும் சாரே."

"அது நாற்பத்தெட்டாம் விதி. இப்போ நாம முப்பத்தொண்ணில நிக்கோம்."

காற்றாலை சுற்றியது. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. ஒலிபெருக்கியில், உறைபனி காரணமாக இன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டாலும் விழாவை ஒத்திவைப்பதற்கு விதி இல்லை. விழா தொடங்கியது.

முப்பது வீரர்களும் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். மேடையில் பொன்னாடை போட்டார்கள். பதினெட்டுப் பொன்னாடை. எட்சன் வரவேற்றுப் பேசினார்.

"இங்கிலாந்தில் சனிக்கிழமைதோறும் ரக்பிதான். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எனக்குச் சனிக்கிழமை விடுப்பு கிடையாது. ஆனால் மாடி ஜன்னல் வழியாக மைதானத்தின் ஒரு மூலை தெரியும். பந்து அந்த மூலைக்கு வந்தபோதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் நான்கு முறை வந்தது. இந்தப் புத்தகத்தை எனக்குத் தந்தவர் அங்கே இருந்த ஒரு முதியவர். ஐம்பது வருடம் ஆடியவர். ஒருநாளும் இதைத் திறந்து பார்த்ததில்லை என்றார். நான் திறந்தேன். அதனால்தான் இந்த லீக் இன்று இந்த நிலையில் இருக்கிறது."

கைதட்டினார்கள். தலைவர் வைகுண்டராஜன் எழுந்தார்.

"ஆடுவது யாராலும் முடியும். சின்னப் பிள்ளைகள்கூடத் தெருவில் ஆடுகின்றன. ஆடாமல் ஒரு லீக்கை மூன்று வருடம் நடத்த முடியுமா? அதற்கு நிர்வாகத் திறமை வேண்டும். நம் வீரர்கள் ஒருவருக்கும் கை உடையவில்லை. கால் உடையவில்லை. ஒரு பந்து, மூன்று வருடம், ஒரு கீறல் இல்லை. எந்த நாட்டில் உண்டு? சிலர் கேட்கிறார்கள், எப்போது ஆடுவீர்கள் என்று. நான் கேட்கிறேன், ஆடினால் ஒருவர் தோற்பாரே, அவருக்கு யார் பதில் சொல்வது?"

சிறப்பு விருந்தினர் முக்கால் மணிநேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். விளையாட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களில் 'இந்த அருமையான விளையாட்டு' என்றார். சர்பத்தில் ஐஸ் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிறகு தாணப்பனை மேடைக்கு அழைத்தார்கள். லீக்கின் வரலாற்றில் மிக அதிக வெற்றிகள் பெற்ற வீரருக்கான கேடயம். விருந்தினர் அவன் தோளைத் தட்டினார்.

"இவ்வளவு ஆட்டம் ஆடியும் சட்டை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள்," என்றார் ஒலிபெருக்கியில்.

முழங்காலில் மட்டும் சேறு இருந்தது. அது தெரியாதபடி தாணப்பன் கேடயத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான்.

விருந்தினர் சாப்பிடவில்லை, வேறு நிகழ்ச்சி இருந்தது. அவருடைய வெள்ளைக் காரை டிரைவர் மேடைப் படிவரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். விருந்தினர் ஏறினார். கார் நகரவில்லை. பின்சக்கரங்கள் சுற்றின, சுற்றச் சுற்ற இறங்கின. இரண்டு லாரித் தண்ணீரும் குளத்து மண்ணும் மூன்று மணிநேரம் ஊறிக் கிடந்தன.

"வீரர்கள் வரவும்," என்றது ஒலிபெருக்கி. அன்று அது வீரர்களை மைதானத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தாணப்பன் கேடயத்தைக் கீழே வைத்தான். காரின் பின்னால் போய்க் குனிந்தான். அவனுக்கு வலப்பக்கம் ஷாஜன் வந்து தோளைக் கொடுத்தான். இருவருக்கும் நடுவில் வாழைக்காய் மண்டி முத்தையா நுழைந்தான். பின்னால் சந்தைக்காரர்களும் மார்த்தாண்டத்துக்காரர்களும் கலந்து வந்து தலையை நுழைத்து இடுப்பைக் கோத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வருடமாகத் தனித்தனியே பழகியது.

"குனி," என்றான் தாணப்பன். "கோத்துக்கோ. தள்ளு!"

தள்ளினார்கள். அந்தப் பதற்றத்தில் டிரைவர் பின்பக்கக் கியரைப் போட்டான்.

கார் பின்னால் வந்தது.

தாணப்பனின் தோளில் அது இறங்கியது. சுமடு இறங்குவதுபோல இல்லை. சுமடு சும்மா இருக்கும். இது தள்ளியது. அவன் கால் ஒரு சாண் பின்னால் சறுக்கியது, குமிழ் பிடித்தது, நின்றது. சேறு வாய்க்குள் போனது. ஷாஜனின் மூச்சு காதில் இரைந்தது.

"விடாத மக்கா! விடாத!"

"விடல்ல! நீ பிடி!"

கார் உறுமியது. அவர்கள் அசையவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னாலிருந்த எல்லாருடைய பலமும் தன் முதுகு வழியாக வந்து தோள் வழியாகப் போவதைத் தாணப்பன் உணர்ந்தான். எட்சன் சொன்னது சரிதான். இன்னும் எழுபத்தொன்பது நிமிடம் இப்படியே நிற்கலாம் என்று தோன்றியது.

டிரைவர் கியரைக் கண்டுபிடித்தான். கார் முன்னால் பாய்ந்தது. அத்தனை பேரும் முகம் குப்புற விழுந்தார்கள். கார் நிற்காமல் கரையேறிப் போய்விட்டது.

தாணப்பன் சேற்றில் படுத்தபடியே சிரித்தான். ஷாஜனும் சிரித்தான். யாரோ நீளமாக விசில் ஊதுவது கேட்டது. நடுவர் இல்லை. எட்சன். இன்னொரு கையில் புத்தகம் விரிந்திருந்தது.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. பதிவுத் தபாலில்.

'உறைபனி காரணமாக ஆட்டம் ஒத்திவைக்கப்பட்ட மைதானத்தில், தாங்கள் முன்வரிசையில் நின்று, எதிரணி வீரர்களையும் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டு, நடுவரின் அனுமதியின்றி ஒரு ஸ்க்ரம் நடத்தி, எதிர்த்தரப்பைப் பதினோரடி தள்ளியது நிரூபிக்கப்பட்டுள்ளது. எதிர்த்தரப்பில் தலைக்கவசமோ லீக் பதிவு எண்ணோ இல்லாததும் கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆறு ஆட்டங்களுக்குத் தங்களுக்குத் தடை விதிக்கப்படுகிறது.'

அவன் கடிதத்தோடு எட்சன் வீட்டுக்குப் போனான்.

"சாரே, எனக்கு இன்னிக்கு நாப்பது. பேர எடுத்திர வேண்டியதுதானே. தடை எதுக்கு?"

"எடுக்க முடியாது. தடையில இருக்கவன் பேர நீக்கக் கூடாதுன்னு விதி. தண்டனைக்குப் பயந்து வெலகிருவான் இல்லியா?"

"தடை எப்போ முடியும்?"

"ஆறு ஆட்டம் நடந்ததும்."

"ஜெயிச்ச ஆட்டமா, நடந்த ஆட்டமா?"

எட்சன் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார்.

"நடந்த ஆட்டம்."

இருவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"அப்போ நான் எப்பவும் முன்வரிசைதானா?"

"ஆமா. ஆனா ஆடப்பிடாது."

"அது பழக்கந்தான் சாரே," என்றான் தாணப்பன்.

வீட்டில் அழகியநாயகி சட்டையை மூன்றாம் நாளாக ஊறவைத்திருந்தாள். ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"பதினோரடி தள்ளினதா போட்டிருக்கு. நெசமா?"

"நெசந்தான்."

"எதிர்க்க நின்னவனும் தள்ளினானா?"

"தள்ளினான்."

அவள் கடிதத்தை மடித்து, ஈரம் படாத இடமாகப் பார்த்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். கேடயம் எங்கே என்று கேட்கவில்லை. அது குளத்தில்தான் கிடந்தது. கார் அதன் மேல் ஏறித்தான் கரைக்குப் போனது.

பிறகு வாளியின் முன்னால் உட்கார்ந்து சட்டையைக் கசக்கினாள். தண்ணீர் கறுத்தது. அதைக் கொட்டிவிட்டு அடுத்த வாளி பிடித்தாள். அதுவும் கறுத்தது.

"இன்னும் ஒரு வாளி கொண்டாங்க," என்றாள்.